எடைக்குப் போட்ட பேரேடுகள்

(பி.ஏ. பொருளாதாரம், 1974–77 அணி)

மலர்க் குழுவினர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "சார், உங்க செட்டுல எல்லாரும் ஹாஸ்டல் சாப்பாடு, ஸ்ட்ரைக், கட் அடிச்சுட்டு சினிமா போனதுன்னே எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்களாவது இப்ப படிக்கிற பசங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க" என்றார்கள். முப்பத்தெட்டு வருடம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு 2016இல் ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கணக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம், இது பழைய கணக்கு. இதில் ஒரு தப்பும் இருக்கிறது. அதைச் செய்தவன் நான்தான்.

முதலில் நம் கல்லூரியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு 'இந்தியப் பொருளாதாரம்' எடுத்த பேராசிரியரை என் அணியினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாடப் புத்தகத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஒருநாள் திடீரென்று, "உங்க வீட்டுல இருக்கிற ரொம்பப் பழைய கணக்கு நோட்டு எதுவோ, அதை எடுத்துக்கிட்டு வாங்கடா" என்றார். நாங்கள் சிரித்தோம். மறு வாரம் பத்துப் பேர் கொண்டு வந்தோம். ஒருவன் அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டு. ஒருவன் பாட்டியின் பால் கணக்கு. என் அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. நான் அவருடைய 1950ஆம் வருடத்துச் சிட்டையைக் கொண்டு போனேன். பேராசிரியர் அதை ஒரு மணி நேரம் புரட்டினார். நெல் விலை, வண்டிச் சத்தம், மூட்டை தூக்கியவர்களின் கூலி, யார் யாருக்கு முன்பணம், யார் திருப்பவில்லை எல்லாவற்றையும் படித்துக் காட்டி, "அரசாங்க ரிப்போர்ட்டுல ஜில்லாவுக்கு ஒரு விலை போட்டிருப்பான். இதுல ஆளுக்கு ஒரு விலை இருக்கு பாரு. இதுதாண்டா பொருளாதாரம்" என்றார். எனக்கு அன்று அது புரியவில்லை. பரீட்சைக்கு வராது என்பது மட்டும் புரிந்தது.

1978இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பரீட்சை எழுதி அதிகாரியாகி, 1990இல் தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் கிளை மேலாளர் ஆனேன். அந்தக் கிளைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது முன்பு அந்த ஊர்க்காரர்களே நடத்திய சிறு வங்கி. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு விழுந்த பிறகு, தள்ளாடுகிற சிறு வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு கட்டாயமாக இணைக்கச் சட்டத்தில் வழி பிறந்தது. அடுத்த சில வருடங்களில் தமிழ்நாட்டில் பல சிறு வங்கிகள் இப்படிப் பெயரிழந்தன. எங்கள் கிளையும் அந்த வகை. பின்கட்டில் ஒரு இருட்டறையில், மரச் சட்டங்களில், 1930கள் தொட்டு அந்தப் பழைய வங்கியின் பேரேடுகள் அடுக்கியிருந்தன. கரையான் ஒரு பக்கம், எலி ஒரு பக்கம்.

1991இல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: காலாவதியான பழைய ரெக்கார்டுகளை அப்புறப்படுத்தி இடத்தை ஸ்டேஷனரிக்குப் பயன்படுத்த வேண்டும். விதிப்படி அவர் எழுதியது சரி. வைத்திருக்க வேண்டிய காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. பழைய பேப்பர் வியாபாரி வந்தார். தராசு வைத்தோம். மூன்று மாட்டு வண்டி போயிற்று. வந்த பணத்தைப் பல்வகை வரவில் போட்டு நானே கையெழுத்திட்டேன். அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்ததும், 'அப்பாடா' என்று இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடம் கழிந்தது. நான் மதுரையில் வட்டார அலுவலகத்தில் இருந்தேன். ஒரு ஆராய்ச்சி மாணவி கையில் ஒரு பல்கலைக்கழகக் கடிதத்தோடு வந்தார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது சிறு நகரங்களில் யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், நகைக்கா நிலத்துக்கா, எத்தனை பேர் நிலத்தை இழந்தார்கள் என்று ஆய்வு செய்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு வங்கியின் பேரேடுகளை. பெயரைச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அந்த லெட்ஜர்லாம் இருக்கா சார்?"

"இல்லம்மா. எடைக்குப் போட்டாச்சு."

"யாரு சார் போட்டாங்க?"

நான் டீ வரவழைத்தேன். பதில் சொல்லவில்லை.

வணிக வரலாறு, பொருளாதார வரலாறு என்று உலகத்தில் ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1927லேயே வணிக வரலாற்றுக்கென்று தனிப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தி, என்.எஸ்.பி. கிராஸ் என்பவரை அமர்த்தினார்கள். நம் நாட்டில் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் துவிஜேந்திர திரிபாதி பல ஆண்டுகள் இந்தத் துறையைக் கட்டி வளர்த்தார். இந்தியப் பொருளாதார சமூக வரலாற்றுக்கென்று டில்லியிலிருந்து ஒரு காலாண்டு ஆய்விதழ் 1963 முதல் வருகிறது. ராமன் மகாதேவன் 1978இல் பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழிலைப் பற்றி விரிவாக எழுதியது அந்த இதழில்தான். 1994இல் டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் நகரத்தாரின் வங்கித் தொழிலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றிக் கனகலதா முகுந்தின் நூல் 1999இல் வந்தது. நான் 1991இல் தராசு வைத்துக்கொண்டிருந்தபோது இவர்களில் சிலர் எங்காவது ஒரு பேரேடு கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்திருப்பார்கள்.

சரித்திரம் என்றால் ராஜா, போர், கோயில் என்று படித்து வந்த நமக்கு ஒரு கம்பெனி மூழ்கியதும் சரித்திரம்தான் என்று தோன்றுவதில்லை. சென்னையில் 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. விதவைகள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், மிராசுதார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம் போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியில் பிறந்த எண்ணம்தான் 'நமக்கென்று ஒரு வங்கி' என்பது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார்; நகரத்தார் பணம் போட்டார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. சுதந்திரத்துக்குச் சரியாக நாற்பது வருடம் முன்பு. இதையெல்லாம் நாம் இன்று சொல்ல முடிகிறதென்றால், அது கோர்ட்டு விவகாரமாகிக் காகிதங்கள் தங்கியதால்தான். கோர்ட்டுக்குப் போகாமல் ஒழுங்காக நடந்த வியாபாரத்தின் காகிதம்தான் தங்குவதில்லை. இது ஒரு வேடிக்கை.

இனி என் கைக்கு வந்த பேரேடுகளின் கதைக்கு வருகிறேன்.

2011இல் காரைக்குடிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். டெபாசிட் வட்டி வாங்க மாதா மாதம் ஒரு ஆச்சி வருவார்கள். ஒருநாள், "மேனேஜர் தம்பி, பெரிய வீட்டைப் பிரிக்கிறாக. தூணு, நிலை, கதவெல்லாம் கடைக்காரன் வெலை பேசிட்டான். கணக்கு நோட்டு மட்டும் யாருக்கும் வேணாமாம். அடுப்புக்குப் போடுறதுக்கு மனசு வரல. அப்பச்சி கையெழுத்து" என்றார்கள். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டு, தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்கு விலை உண்டு, கணக்குக்கு இல்லை. அன்று சாயங்காலமே ஆட்டோ வைத்துப் போய் எடுத்து வந்தேன். பதினோரு பேரேடுகள். பர்மாவில் பெகு பக்கம் நடந்த ஒரு கடையின் கணக்கு, 1926 முதல் 1935 வரை.

திறந்து பார்த்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை! நான் தமிழ் படித்தவன், கணக்கும் படித்தவன். ஆனால் அதில் எண்கள் தமிழ் எண்கள். 500 என்பதை ௫௱ என்று எழுதியிருக்கிறது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, பற்றுக்கு ஒரு குறி, வரவுக்கு ஒரு குறி, மேற்படிக்கு ஒரு குறி. பின்னங்கள் கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிக்கொண்டே போகின்றன. தேதியோ பிரபவ, விபவ என்று தமிழ் வருடம். ஆள் பெயருக்குப் பதில் 'விலாசம்' என்று நான்கைந்து இனிஷியல் எழுத்துக்கள். சாய்த்து, புள்ளியே வைக்காமல், பேனாவை எடுக்காமல் எழுதிய கை.

விசாரித்துக்கொண்டு போனதில் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் கிடைத்தார். அப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. 1938இல் பதினாலு வயதில் பெட்டியடிப் பையனாக பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். பெட்டியடி என்றால் கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்தபடியே தொழில் கற்கிற பையன். அதற்கு மேல் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள் என்று படி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டு வளவில் உட்கார்ந்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அவர் படிப்பார், நான் எழுதுவேன். முதல் மாதம் முழுக்க எழுத்துப் பயிற்சிதான். "பேங்கு மேனேஜருங்கிறீங்க, மாகாணி தெரியலயே தம்பி" என்று ஒருநாள் சிரித்தார்.

அவர் சொல்லியும் புத்தகங்களில் படித்தும் நான் அறிந்துகொண்ட பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டா அப்போது பெரும்பகுதி காடும் சதுப்பும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமாயிற்று. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் வந்து காட்டை அழித்து நெல் போட்டார்கள். 1930களில் நெல் நிலம் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டி, பர்மா உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்தது. காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை சாப்பிடப் பணம் வேண்டுமே? வெள்ளைக்கார வங்கிகள் குடியானவனுக்கு நேராகக் கடன் தராது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள்தான் செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929–30இல் கணக்கெடுத்தபோது, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள், அவற்றில் புரண்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். அந்தக் காலத்து 75 கோடி!

இத்தனை பணத்தை எப்படிக் கட்டியாண்டார்கள்? அங்கேதான் கணக்கின் பெருமை இருக்கிறது. முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில், மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போவார். அன்றாடம் குறிப்பு எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டி, நகல் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். பர்மாவின் வயல்வெளிச் சரித்திரம் செட்டிநாட்டுப் பரண்களில் கிடப்பதற்குக் காரணம் இதுதான். கடைகள் ஒன்றுக்கொன்று பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். கேட்டதும் திருப்ப வேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி, கெடு வைத்த பணத்துக்குத் தவணை வட்டி. ரங்கூனில் நடப்பு வட்டியை மாதம் ஒருமுறை மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ரிசர்வ் வங்கி 1935இல்தான் வந்தது. அதற்கு முன்பே முருகன் சந்நிதியில் ஒரு வட்டி விகிதக் கமிட்டி நடந்திருக்கிறது!

என் பேரேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'ஆச்சிமார் பணம்'. பெண்கள் சீதனமாகக் கொண்டு வந்ததும் சிறுவாடு சேர்த்ததும் அவர்கள் பெயரிலேயே தனிப் பற்று வரவாக வட்டியோடு ஏறிக்கொண்டே வருகிறது. புருஷன் கடைதான் என்றாலும் பெண்டாட்டி கணக்கு தனி. கோயிலுக்கும் தர்மத்துக்கும் பிடித்த மகமையும் அப்படியே தனித் தலைப்பில் நிற்கிறது.

ஆனால் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தது ஒரு பர்மாக்காரக் குடியானவரின் பக்கம். 'மவுங்' என்று தொடங்குகிற பெயர். பிரபவ வருடம், அதாவது 1927, ஆவணியில் நிலத்தின் பேரில் 500 ரூபாய் பற்று. வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 4 அணா. மாசியில் அறுவடை முடிந்ததும் முதலும், ஆறு மாத வட்டி 37 ரூபாய் 8 அணாவும் வரவு. மறுபடி ஆவணியில் பற்று, மாசியில் வரவு. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. கடிகாரம் மாதிரி. பிரமோதூத வருடம், 1930 ஆவணியிலும் அதே 500 பற்று. 1931 மாசியில் வரவு 60 ரூபாய்தான். பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 500 ரூபாய்க் கடன் ரூபாயில் அதே 500தான். நெல்லாக அளந்தால் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த மாசியில் ஒன்றுமே இல்லை. வட்டி ஏறிக்கொண்டு போகிறது. ஸ்ரீமுக வருடம், 1933இல் 22 ஏக்கர் எழுதி வாங்கி, கணக்கைத் தீர்த்துக் கோடு போட்டிருக்கிறது. அந்தப் பெயர் அதற்கு மேல் பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த நெலத்த வாங்கி நாங்க என்ன தம்பி பண்றது? நாங்க உழவா போனோம்? பணமா வந்தாத்தான எங்களுக்குத் தொழில்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "நான் போன காலத்துலயும் பாத்திருக்கேன். நெலத்த விட்டவுக அதே நெலத்துல குத்தகைக்கு உழுவாக. குத்தகைய கொறைக்கச் சொல்லி கடை வாசல்ல வந்து உக்காந்திருப்பாக. நான் சின்னப் பய, தண்ணி மோந்து குடுப்பேன். வேற என்ன செய்ய?" என்றார்.

இந்த ஒரு பக்கத்தைப் பெருக்கிப் பாருங்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937–38இல் அது 25 பங்கு. ஏழெட்டு வருடத்தில் கால்வாசி நிலம், வெளியூரில் இருக்கும் பட்டாதாரர்களுக்கு! பர்மாக்காரர்களுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? 1930லும் 1938லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்தன. அதில் வெட்டுப்பட்டவர்களில் பலர் வட்டிக்கடைக்காரர்கள் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஏழைத் தெலுங்குக் கூலிகள்.

இன்றைக்கும் இரண்டு கதைகள் இருக்கின்றன. பர்மாவில் கேட்டால், செட்டி வந்தான், வட்டி வாங்கினான், நிலத்தைப் பிடுங்கினான். செட்டிநாட்டில் கேட்டால், காட்டைக் கழனியாக்கப் பணம் கொடுத்தோம், கடைசியில் எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தோம். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் முழுசும் இல்லை. என் அபிப்பிராயம், அந்த 500 ரூபாய்ப் பக்கம் இரண்டு கட்சிக்கும் சாதகமாக இல்லை என்பதுதான். மூன்று வருடம் அவர் ஒழுங்காகக் கட்டினார், கடையும் ஒழுங்காகக் கொடுத்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடங்கிய ஒரு சரிவு இருவரையும் சேர்த்துக் கவிழ்த்தது. ஆனால் கவிழ்ந்தபோது பத்திரம் ஒருவர் பெட்டியில்தான் இருந்தது. இப்படி ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நூறு கடைகளின் பேரேடுகளைப் படித்து, பர்மிய மொழியில் உள்ள நிலப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

மிச்சக் கதை சுருக்கம்தான். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. பெரியவர் தாங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும் அங்கிருந்து சிட்டகாங்குக்கும் வந்து சேர்ந்தவர். இடுப்பில் துணி மூட்டை, மூட்டைக்குள் முதலாளியின் பத்திரங்கள். "அரிசி கொண்டாந்திருக்கலாம்" என்பார். 1948இல் பர்மா அரசாங்கம் நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கிகளும் கடைகளும் போயின. மிச்சமிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் திரும்பினார்கள். அந்தப் பத்திரங்கள் செல்லாக் காகிதமாயின. பேரேடுகள் பரணுக்குப் போயின. பெரியவர் 2014இல் காலமானார். பதினோரு பேரேடுகளில் நான்கைத்தான் நாங்கள் முடித்திருந்தோம்.

இனி இப்போது படிக்கிற மாணவச் செல்வங்களுக்குச் சில செய்திகள். "பொருளாதார வரலாறு படிச்சா என்ன சார் கெடைக்கும்?" என்று கேட்பீர்கள். 1993இல் பொருளாதார நோபல் பரிசு ஃபோகல், நார்த் என்ற இரண்டு பொருளாதார வரலாற்று அறிஞர்களுக்குக் கிடைத்தது. 2023இல் கிளாடியா கோல்டினுக்கு. பழைய அமெரிக்கக் குடிக்கணக்கில் 'மனைவி' என்று மட்டும் எழுதிவிட்டுப்போன பெண்களெல்லாம் உண்மையில் வயலிலும் கடையிலும் வேலை செய்தவர்கள் என்று வேறு ஆவணங்களைத் தோண்டிக் காட்டியவர். ஆச்சிமார் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி இனித்தது. 2025இல் பரிசில் பாதி ஜோயல் மொகிர் என்ற வரலாற்று அறிஞருக்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை உலகப் பொருளாதார வரலாற்று மாநாடு கூடுகிறது. 2025இல் சுவீடனில் லுண்டு நகரில் நடந்தது. அமெரிக்காவின் வணிக வரலாற்று மாநாட்டு அமைப்பு, கட்டுரை வாசிக்க வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பயணப் படியும் கொடுக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன் எழும்பூர் வரை போய் வாருங்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடம் 1909இல் கட்டியது. கம்பெனி காலத்து வருவாய்த்துறைக் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒரு தனி மனிதர், சிகாகோ பல்கலைக்கழகம் தேடி வந்து வாங்குகிற அளவுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் சேர்த்துவிட்டுப் போனார். 1994இல் அது நூலகமாயிற்று. புனேயில் ரிசர்வ் வங்கியின் ஆவணக் காப்பகம் 1981இலும் டாட்டா ஆவணக் காப்பகம் 1991இலும் ஏற்பட்டன. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: 1937இல் பிரிந்த பிறகும், ஜப்பானியர் காலம் நீங்கலாக, 1947 ஏப்ரல் வரை பர்மாவுக்கும் ரிசர்வ் வங்கியே மத்திய வங்கி. எங்கள் பேரேட்டுக்கு மறுபாதி அந்தப் புனே அலமாரிகளில் இருக்கலாம் என்பது என் ஆசை.

அழியப்போகும் ஆவணங்களைப் படமெடுத்துக் காப்பாற்றுவதற்கென்றே பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் ஒரு நிதி வைத்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அந்த உதவியோடு தமிழகத்து விவசாயக் குடும்பங்களிடமிருந்த 1650 முதல் 1950 வரையிலான காகிதங்களையும் ஓலைகளையும் தேடிப் படமெடுத்தார்கள். அந்த மாதிரி வேலையை ஊர் ஊராகச் செய்ய இன்னும் எத்தனையோ பேர் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் படித்தவருக்குக் கோட்பாடு தெரியும்; ௫௱ தெரியாது. ஆறு மாதம் உட்கார்ந்தால் நீங்கள் கற்றுக்கொண்டுவிடலாம். எழுபதை நெருங்குகிற நானே கற்றேன். நான் எழுதி வைத்த எழுத்துப் பட்டியல் மூன்று குயர் நோட்டில் இருக்கிறது. பொருளாதாரத் துறைக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். தமிழ்த் துறை, வணிகவியல் துறை மாணவர்களும் வந்தால் நல்லது. ஒரு துறை மட்டும் படிக்கிற சமாசாரம் இல்லை இது.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களில் ஆலை வைத்திருப்பவர்கள் உண்டு, மண்டி வைத்திருப்பவர்கள் உண்டு, தாத்தா காலத்துக் கடையை மூடிவிட்டு அமெரிக்காவில் இருப்பவர்களும் உண்டு. பரணைக் காலி செய்கிற அன்றைக்குப் பழைய பேப்பர்காரருக்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வண்டி வாடகை என் பொறுப்பு.

சங்கமத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய நூலகத்தின் முன் வராந்தாவில் ஒரு மேஜை போட்டு இரண்டு பேரேடுகளைத் திறந்து வைக்கப் போகிறேன். ஒன்று அந்த 500 ரூபாய்ப் பக்கம், மற்றது இன்னும் யாரும் படிக்காதது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.